பங்கு கேட்டா வில்லியா? சீரியல் சொல்லும் சொத்துக் கதையும், சட்டம் சொல்லும் கதையும்

தமிழ் சீரியல்களில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. சொத்தில் பங்கு கேட்கும் பெண் பெரும்பாலும் வில்லி. 'எனக்கு எதுவும் வேண்டாம், குடும்பம் நல்லா இருந்தா போதும்' என்று கண் கலங்குபவள் நாயகி. இதைப் பார்த்தே வளர்ந்த ஒரு பெண், சார்பதிவாளர் அலுவலகத்தில் பேனாவோடு நிற்கும் நாளில் என்ன முடிவெடுப்பார்?

கோவை கணபதி போன்ற இடங்களில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. லேத் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும் நிறைந்த இந்த சத்தி ரோடு பகுதியில், ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த நிலங்கள் இன்று சைட்டுகள். விலை எங்கேயோ போய்விட்டது. அண்ணன் தம்பிகள் பூர்விக நிலத்தை விற்கவோ, அதை வைத்து லோன் வாங்கவோ போனால் முதலில் வரும் கேள்வி, 'கூடப் பிறந்த பொண்ணுங்க கையெழுத்து எங்கே?'

அப்போதுதான் அக்கா, தங்கச்சி ஞாபகம் வரும். 'பவுன் போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சு. அப்புறமென்ன பங்கு? ஒரு கையெழுத்துதானே கண்ணு!' அந்த 'ஒரு கையெழுத்து'க்குப் பெயர் விடுதலைப் பத்திரம். போட்டுவிட்டால் அந்தச் சொத்தில் அவருக்கு உரிமை இல்லை.

'எதிர்நீச்சல்' எங்கே வித்தியாசப்பட்டது?

2022 முதல் 2024 வரை சன் டிவியில் ஓடிய 'எதிர்நீச்சல்', இந்த விதியைக் கொஞ்சம் அசைத்தது. திருச்செல்வம் இயக்கிய அந்தக் கதையில் ஆதி குணசேகரனை எதிர்த்து நிற்க ஒருவருக்கு பலம் இருந்தது என்றால், அது அப்பத்தா பட்டம்மாளுக்குத்தான். காரணம், அவர் பெயரில் இருந்த 40 சதவீதப் பங்கு. பெண் பெயரில் சொத்து இருந்தால் வீட்டுக்குள் அவர் குரலுக்கு என்ன எடை கூடும் என்பதை, பாம்பே ஞானம் நடித்த அந்தப் பாத்திரம் பாட்டிகளுக்கும் பேத்திகளுக்கும் புரிய வைத்தது.

ஆனால் அந்த 40 சதவீதத்துக்கான சண்டை எப்படி நடந்தது? மிரட்டல், சதி, கைரேகை, கடத்தல். 'சட்டப்படி இது யாருக்கு?' என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. ஆணாதிக்கத்தைத் தோலுரிக்க உருவாக்கப்பட்ட குணசேகரனின் 'இந்தாம்மா ஏய்' மீம் ஆகி ஊரெல்லாம் சுற்றியது. 2023 செப்டம்பரில் காலமான மாரிமுத்துவின் நடிப்பு அப்படி. கேட்கப்பட வேண்டிய கேள்வி மட்டும் சிரிப்பில் கரைந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 60 ஆண்டுகள் கழித்து, 1989-ல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்றது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை.

2005-ல் வந்த மத்திய சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: இந்த உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பாகம் பிரித்து முடித்திருந்தால் மட்டும் அது செல்லும்.

அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு கணக்கு. அதை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. திருமணத்துக்குப் போட்ட நகையும் செய்த சீரும் இந்த உரிமையை ரத்து செய்யாது.

மனைவியின் பங்கு?

விஜய் டிவியின் 'பாக்கியலட்சுமி' இன்னொரு பக்கத்தைத் தொட்டது. வருடக்கணக்கில் வீட்டைத் தாங்கிய பாக்கியா, கணவரைப் பிரிந்த பிறகு அதே வீட்டுக்காகப் பணம் புரட்ட ஓடுகிறார். அது தன்மானமாகக் காட்டப்பட்டது. வீட்டு வேலைக்கு மதிப்பே இல்லையா என்ற கேள்வியைக் கதை நீட்டிக் கேட்கவில்லை. நிஜத்தில் அதைக் கேட்டது நீதிமன்றம். குடும்பத்தலைவியின் உழைப்பும் சொத்து சேர உதவியதுதான், அதில் அவருக்கும் பங்குண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

ஏன் சீரியல் இதைச் சொல்வதில்லை?

காரணம் சிம்பிள். தினமும் ஒரு எபிசோட், வாராவாரம் டிஆர்பி. பிரச்சினை நீண்டால்தான் கதை ஓடும். நாயகி ஒரு வக்கீலைப் பார்த்து வழக்குப் போட்டால், ஆறு மாதச் சதி ஆறே நாளில் நின்றுவிடும். அதனால் கொடுமை விரிவாக வருகிறது, தீர்வு ஒரு வசனமாகக்கூட வருவதில்லை. பார்ப்பவர் மனதில் தங்குவது, 'பங்கு கேட்டா குடும்பம் உடையும்' என்ற பயம் மட்டுமே.

நிஜ வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும் என்பதும் உண்மை. கேட்டால் பொறந்த வீட்டு உறவு போய்விடுமோ என்ற கவலையும் பொய்யில்லை. தெரிந்தே ஒருவர் விட்டுக்கொடுத்தால் அது அவர் விருப்பம். தெரியாமல் கையெழுத்துப் போட வைப்பதுதான் பிரச்சினை.

கையெழுத்துப் போடும் முன்

* பத்திரத்தை முழுசாகப் படியுங்கள், அல்லது படித்துக் காட்டச் சொல்லுங்கள். அது பாகப் பிரிவினையா, விடுதலையா, பவரா என்று கேளுங்கள்.
* பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்த்தால், அந்தச் சொத்தின் மேல் என்னென்ன பதிவாகியிருக்கிறது என்பது தெரியும்.
* மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்தை சிவில் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்.
* பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கு போன் செய்யலாம்.

அடுத்த முறை சீரியலில் ஒரு மருமகளோ மகளோ பங்கு கேட்டு, பின்னணி இசை பயமுறுத்த ஆரம்பித்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: 'உங்க அப்பா வீட்டு நிலம் இப்ப யார் பேர்ல இருக்கும்மா?'