ஒற்றைக் காலில் ஒரு ட்ரம்ஸ்

மூன்று மணி நேரக் கச்சேரி முடிந்தால் ட்ரம்மருக்கு எங்கே வலிக்கும்? மணிக்கட்டில் வலிக்கலாம், தோளில் வலிக்கலாம். எனக்கு இடது முழங்காலில் வலித்தது. அன்றைக்குப் பெடல் மிதித்தது வலது கால். இடது கால் செய்த ஒரே வேலை, நின்றது.

'சின்ன மேடை, சின்ன வாத்தியம்' என்று ஒரு கட்டுரை வேண்டும் என்றார் ஆசிரியர். இப்போது ப்ரோக்ராம் நடக்கிற இடங்களைப் பார்த்தால் அவர் கேட்டது சரிதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸ், காபி ஷாப்பின் ஒரு மூலை, மொட்டை மாடிப் பிறந்தநாள் விழா. அங்கெல்லாம் ஐந்து ட்ரம், நான்கு சிம்பல் என்று முழு செட்டை இறக்கினால் பாடகர் படிக்கட்டில் நின்றுதான் பாட வேண்டும். அந்த மூலைகளுக்கென்றே பிறந்தது காக்டெயில் ட்ரம்ஸ். நியாயமாக நான் அதன் அளவைப் பற்றித்தான் எழுத வேண்டும். எழுதுகிறேன். ஆனால் கால் விஷயத்துக்கு வராமல் விடமாட்டேன்.

மிருதங்கத்தை நிமிர்த்தி நிறுத்தியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலந்தலை மேலே, தொப்பி கீழே. விட்டம் 14 முதல் 16 அங்குலம், ஆழம் 24 அங்குலம் அளவில். அடியில் ரப்பர் மாட்டிய மூன்று கால்கள். மேல் ஹெட்டுக்கு (தோலுக்கு) அடியில் ஸ்நேர் கம்பிகள் ஓடும். அதைக் கையால் வாசிக்கிறோம். கீழ் ஹெட்டுக்கு நேர் கீழே தரையில் ஒரு பெடல். மிதித்தால் அதன் சுத்தியல் மேல்நோக்கி எழும்பி அடிக்கும். அதுதான் பேஸ். உடம்பின் பக்கவாட்டில் கிளாம்ப் போட்டு ஒரு சிம்பல், ஒரு குட்டி டாம், ஒரு கௌபெல். ஒரே உடம்பில் இரண்டு குரல் என்பது நமக்குப் புதிதில்லை. கீழ்க்குரலுக்கு இன்னொரு கையைக் கொடுக்காமல் காலைக் கொடுத்ததுதான் அமெரிக்கக்காரர்கள் செய்தது.

1940-களில் அங்கே பெரிய பேண்டுகள் சுருங்கத் தொடங்கின. போர்க்காலம் ஒரு காரணம். பாட்டும் நடனமும் உள்ள விடுதிகளின் பில் மீது 1944-ல் விழுந்த 30 சதவீத கேபரே வரியும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சில மாதங்களில் அதை 20 ஆகக் குறைத்தார்கள். ஆனாலும் நடனத் தளத்தை மூடிவிட்டு மேசை போட்ட முதலாளிகள் இருந்தார்கள். பதினைந்து பேர் வாசித்த இடத்தில் பியானோ, டபுள் பேஸ், ட்ரம்ஸ் என்று மூன்று பேர். மது விடுதியின் மேசைகளுக்கு நடுவே, கிடைத்த இரண்டடியில், கோட்டு சூட்டோடு நின்றபடி பிரஷ்ஷால் வருடுகிற ட்ரம்மர் அப்படித்தான் உருவானார். வாத்தியத்துக்குப் பெயரும் அந்த விடுதிகளிலிருந்தே வந்தது.

நின்று வாசித்தார் என்பதை எல்லோரும் அழகாகச் சொல்கிறார்கள். எப்படி நின்றார் என்று யாரும் சொல்வதில்லை.

உட்கார்ந்து வாசிக்கும் ட்ரம்மரின் உடல் எடையை ஸ்டூல் வாங்கிக்கொள்கிறது. இரண்டு காலும் விடுதலை. வலது கால் கிக், இடது கால் ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பல். நின்றவருக்கு அந்தச் சலுகை கிடையாது. வலது பாதம் பெடலில் ஏறியவுடன் உடல் எடை முழுவதும் இடது காலுக்குப் போய்விடும். ஹை-ஹாட் பெடலையும் மிதிக்க வேண்டுமென்றால் அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். அதனால் காக்டெயில் செட்டில் ஹை-ஹாட் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் மூடியபடி ஒரு கம்பியில் மாட்டியிருக்கும். திறந்து மூடும் அந்த 'ட்ச்சீ' சத்தம் போயே போய்விடும். டிஸ்கோ பாட்டு கேட்கிற வீட்டில் இது சாதாரண இழப்பில்லை.

நம் ஊரில் நின்று வாசிப்பவர்கள் இல்லையா என்று கேட்கலாம். சாமி புறப்பாட்டில் தவில்காரர் மணிக்கணக்கில் நிற்கிறார், நடக்கிறார். ஆனால் தவில் தோளில் தொங்குகிறது, இரண்டு காலும் அவருடையவை. பறை அடிப்பவரின் கால் ஒரு நொடிகூட ஓரிடத்தில் இருப்பதில்லை. ஆட்டமே அதில்தான் இருக்கிறது. காக்டெயில் ட்ரம்மர் மட்டும்தான் மாமல்லபுரத்துத் தபசுச் சிற்பம் போல ஒற்றைக் காலில், அசையாமல், மூன்று மணி நேரம். வரம் கேட்டு நிற்பவருக்காவது ஏதாவது கிடைக்கும்.

சரி, வாங்குவது பற்றி. மூன்று வழி இருக்கிறது. பழைய பாணியில் ஒற்றை உடம்பு செட். சிறிய பேஸ், தனி ஸ்நேர், குட்டி டாம் என்று துண்டு துண்டாக வரும் புதிய பாணி செட். கையிலிருக்கும் 16 அங்குல ஃப்ளோர் டாமை நாமே மாற்றிக்கொள்வது. கடையில் கண்ணைப் பறிப்பது முதல் வகை. நானும் அதில்தான் விழுந்தேன். ஒரே பை, ஆட்டோவின் பின்சீட்டில் என்னோடு சேர்ந்து உட்கார்ந்து வரும். லிஃப்டில் ஏறும். மேடைக்கு ஒரே நடை. பத்து வருடம் லைட் மியூசிக் குழுவில் ட்ரங்குப் பெட்டி தூக்கியவனுக்கு இந்த ஒரு காரணம் போதாதா?

வாங்குமுன் கடையில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஸ்நேர் கம்பியைப் பொருத்தி வைத்துவிட்டு, மேல் ஹெட்டைத் தொடாமல் பெடலை மட்டும் மிதியுங்கள். 'தும்' என்று வந்தால் நல்லது. 'தும்ஸ்ஸ்ர்ர்' என்று வந்தால், இரண்டு குரலும் ஒரே காற்றைப் பங்கு போடுகின்றன என்று அர்த்தம். கீழே அடித்த அடி உள்ளேயிருக்கும் காற்றைத் தள்ளி மேலே கம்பியை நடுங்க வைக்கிறது. சில செட்டுகளில் இதற்காகவே உடம்புக்குள் குறுக்கே ஒரு தடுப்புப் பலகை வைத்திருப்பார்கள். பலகை இருந்தால் ஸ்நேர் சுத்தமாக இருக்கும், பேஸ் கொஞ்சம் ஒடுங்கும். உள்ளே இருக்கும் காற்றில் பாதி அதற்குக் கிடைக்காமல் போகிறதே. பிரஷ்ஷில் மெதுவாக வாசிப்பவருக்குப் பலகை வேண்டாம், அந்தச் சின்ன நடுக்கம் அழகுதான். சினிமாப் பாட்டு வாசிப்பவருக்குக் கட்டாயம் வேண்டும், அல்லது கம்பியைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் ஒரு 10 அங்குலத் தனி ஸ்நேர் மாட்டிக்கொள்ளலாம்.

மேலே பூச்சுள்ள, சொரசொரப்பான ஹெட் போடுங்கள். வழுவழு ஹெட்டில் பிரஷ் பேசாது. கீழே தடிமனான ஹெட், சுருக்கம் விழாத அளவுக்கு மட்டும் முறுக்கினால் போதும். அப்படியும் பந்து துள்ளுவது போலச் சத்தம் வந்தால் ஹெட்டின் ஓரத்தில் ஒரு துண்டுத் துணியை டேப் போட்டு ஒட்டுங்கள். தொப்பியில் ரவை அப்புகிற மிருதங்கக்காரருக்கு இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெடலுக்கு வந்தால் மறுபடியும் கால்தான். சாதாரண பெடலில் சுத்தியல் முன்னோக்கிப் போகும், ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும். இதில் சுத்தியல் மேலே போய்த் தன் எடையிலேயே கீழே விழுகிறது. ஸ்பிரிங்கை முறுக்கோ முறுக்கென்று முறுக்கிவிட்டு 'கனமாக இருக்கிறது' என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தளர்த்துங்கள். குதிகாலைத் தூக்கித் தொடையின் பலத்தில் ஓங்கி மிதிக்கும் பழக்கம் இருந்தால் மறந்துவிடுங்கள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அதைச் செய்தால் உடம்பே ஊஞ்சலாடும். குதிகால் பெடலில் பதிந்திருக்க, கணுக்கால் மட்டும் வேலை செய்ய வேண்டும். கணுக்காலுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவுதான் பேஸ். அந்த வாத்தியத்தின் பேஸ் மெலிந்து கேட்பதற்குப் பாதிக் காரணம் டப்பா சிறியது என்பதல்ல, வாசிப்பவர் நிற்கிறார் என்பதுதான்.

அதனால்தான் மைக். கீழ் ஹெட்டுக்குக் கீழே, சுத்தியல் படாத ஓரத்தில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். கார்ப்பெட் மீது செட்டை நிறுத்தினால் கீழே வரும் சத்தத்தில் பாதியைக் கார்ப்பெட் குடித்துவிடும். நான் இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒன்று கொண்டு போகிறேன். பெடலும் நகராது, சத்தமும் எழும்பும். முதல் முறை பார்த்த மைக்செட் தம்பி, "அண்ணே, பேஸ் எங்கண்ணே இருக்கு?" என்று செட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே குனிந்து பார்க்கச் சொன்னேன். "இதுக்குள்ள மைக்க எப்படிண்ணே வைக்கிறது?" என்று தரையில் படுத்தேவிட்டார்.

சிம்பலைப் பற்றி ஒரே வார்த்தை: மெல்லியதாக, ஒன்றே ஒன்று, 18 அங்குலம். உடம்பில் மாட்டும் கிளாம்பில் அதைவிடக் கனமானதை ஏற்றினால் செட் சாயும். ஒரு கல்யாண ரிசப்ஷனில் என் செட் சாய்ந்து, நல்லவேளையாக, கீபோர்டு வாசிப்பவர் தாங்கிப் பிடித்தார்.

இப்போது உயரம். யாரும் உட்கார்ந்து யோசிக்காத கணக்கு இது. 24 அங்குல உடம்பு, கீழே பெடலுக்குப் பத்துப் பன்னிரண்டு அங்குல இடைவெளி. கூட்டினால் சுமார் மூன்றடி. பலருக்குப் பெல்ட் உயரம். ஆக, அந்த 24 அங்குலம் ஒலிக்காக மட்டும் வந்ததல்ல. நிற்கிறவனின் கைக்கும் தரையிலிருக்கும் பெடலுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நிரப்ப வந்தது. நிற்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் அவ்வளவு நீள உடம்பும் வேண்டாம். 16 அங்குல ஆழமுள்ள ஃப்ளோர் டாமின் கால்களை நீட்டி, அடியில் பத்து அங்குலம் விட்டால் மேல் ஹெட் 26 அங்குலத்தில் நிற்கும். சாதாரணமாக உட்கார்ந்து வாசிக்கிறவரின் ஸ்நேர் உயரம் ஏறக்குறைய அதுதானே!

இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. டாமின் மேல் ஹெட்டுக்கு அடியில் ஸ்நேர் கம்பி பொருத்த ஒரு மெக்கானிக் பட்டறையில் உட்கார்ந்து இரண்டு துளை போட வேண்டியிருந்தது. அதற்குப் பயந்தால், மேலே ஒட்டிவைக்கிற சல்லடை போன்ற சின்னத் தகடு போதும். மேல்நோக்கி அடிக்கும் பெடல் மட்டும் தனியாக வாங்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்; சாதாரண பெடலைக் கவிழ்த்துக் கட்டிப் பார்த்த என் முயற்சி இரண்டாவது பாட்டிலேயே கழன்று ஓடியது.

உட்கார்ந்ததும் இடது கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஹை-ஹாட் திரும்பியது. குதிகால் தூக்கி மிதிக்க முடிந்ததால் பேஸுக்கும் உயிர் வந்தது. வாத்தியத்தின் அளவோ கூடவில்லை. சொல்லப்போனால் எட்டு அங்குலம் குறைந்திருக்கிறது.

நின்று வாசிக்கிறவர்களுக்கு ஒரு வாதம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நின்றால் ட்ரம்மர் கூட்டத்தின் கண்ணில் படுவார், பாடலாம், ஆடலாம், பின்னால் ஒளிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேர ப்ரோக்ராமுக்கு இது செல்லும். நம் ஊரில் எந்த ப்ரோக்ராம் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கிறது? மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு வந்து 'இன்னும் ஒரே ஒரு பாட்டு' என்று கேட்கும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். அப்போது உங்கள் இடது காலிடம் கேட்டுப் பாருங்கள்.

நின்றுதான் வாசிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்களுக்கு: தட்டையான, மெத்தென்ற அடியுள்ள ஷூ. இடது காலுக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பு. அந்தப் பாதத்தைப் பெடலின் உயரத்துக்கே ஏற்ற ஒரு மரக்கட்டை. இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் இருக்க இது ரொம்ப முக்கியம். மூன்று பாட்டுக்கு ஒருமுறை பெடலை விட்டு இறங்கி, மெலடி பாட்டை வெறும் பிரஷ்ஷில் ஓட்டுங்கள். முடிந்தால் இடது காலால் பெடல் மிதிக்கப் பழகிக்கொள்ளுங்கள், பாதிக் கச்சேரியில் காலை மாற்றலாம். நான் ஆறு மாதம் முயன்றேன். இடது கால் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

உட்கார்ந்து வாசிப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஆட்டோவில் இடம் மிச்சம் பிடிக்க ட்ரம்ஸ் ஸ்டூலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிக்கா பஞ்சம்? உயரமும் பொருந்தியது. ஆனால் முதல் ரோல் வாசித்ததுமே இரண்டு முழங்கையும் நாற்காலியின் கையில் இடித்தன. சமையல்கட்டிலிருந்து ஒரு அம்மா தன் ஸ்டூலைக் கொடுத்து உதவினார், அப்பளம் பொரிக்க உட்கார்ந்திருந்தது. இப்போதெல்லாம் ப்ரோக்ராமுக்கு அழைப்பவர்களிடம் மேடை எவ்வளவு பெரிசு, மைக் எத்தனை என்று நான் கேட்பதில்லை. "கை வைக்காத நாற்காலி ஒண்ணு இருக்குங்களா?" என்றுதான் கேட்கிறேன்.