"புரியவில்லை" என்று சொல்லும் துணிவு

நம் பள்ளிகளில் அன்றாடம் காணும் காட்சி ஒன்று. ஆங்கிலப் பாடத்தை விளக்கி முடித்த ஆசிரியை, "அண்டர்ஸ்டாண்ட்?" என வினவுகிறார். "யெஸ், மிஸ்!" என்று வகுப்பே ஒரே குரலில் முழங்குகிறது. அக்குரல்களுள் எத்தனை உண்மையானவை?

புரியாத பிள்ளையும் "யெஸ்" என்பது ஏன்? "மே ஐ கம் இன்?" என்று உள்ளே வர அனுமதி கேட்கப் பழக்கினோம். "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்", "ப்ளீஸ் சே இட் அகெய்ன்" என்னும் எளிய தொடர்களைப் பழக்க மறந்தோம். "ஐ ஹாவ் எ டவுட்" என்பது நம் நாட்டு வழக்கு. 'சந்தேகம்' என்ற நம் சொல்லை ஒட்டியது. பிரிட்டனிலோ அது நம்பிக்கைக் குறைவாகவே தொனிக்கும். அங்கே "ஐ ஹாவ் எ கொஸ்டின்" என்பர்.

பேராசிரியர் என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில பள்ளிகளில் ஒரு சோதனை முயற்சியை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாகப் புகட்டாமல், வரைபடத்தில் வழி காணுதல், இரயில் கால அட்டவணையைப் படித்தல் போன்ற பணிகளை மாணவர்க்கு அளித்தார். பொருளில் மனம் ஊன்றுகையில் மொழி தானே படியும் என்பது அவர் கருத்து.

ஆசிரியப் பெருமக்களே, "அண்டர்ஸ்டாண்ட்?" என்பதற்குப் பதிலாக, "டெல் மீ, வாட் வில் யூ டூ நவ்?" என்று கேட்டுப் பாருங்கள். புரியாதது அப்பொழுதே வெளிப்படும். பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் மதிப்பெண்ணை விசாரிக்குமுன், "இன்று எது புரியவில்லை?" என்று கேளுங்கள். விடை வந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். மறுநாள் அதனையே ஆசிரியரிடம் ஆங்கிலத்தில் கூறப் பழக்கி அனுப்புங்கள்.