கரிசல் வீட்டுத் தொட்டிகள் – 9: பனங்காட்டு ஊரில் மடகாஸ்கர் பனை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் பனை நிற்கிறது. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, மருந்து அடிப்பதில்லை. அதைப் பார்த்தே வளர்ந்ததால், வீட்டுக்குள் தொட்டியில் வைக்கும் அரிக்கா பாமும் பனைதானே, தாங்கிக்கொள்ளும் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் அரிக்கா பாமின் பூர்வீகம் மடகாஸ்கர் தீவின் ஈரமான கிழக்குப் பகுதி. சித்திரை, வைகாசியில் நம் ஊரில் அடிக்கிற காற்று அதற்குப் பழக்கமே இல்லாதது. வேரில் எத்தனை குடம் ஊற்றினாலும் ஓலையைச் சுற்றியிருக்கும் வறட்சி தீராது.

அந்த வறட்சிதான் செஞ்சிலந்திக்குக் கொண்டாட்டம். இது பூச்சி இனம் அல்ல; எட்டுக் கால் கொண்ட, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிலந்திப்பேன். ஓலையில் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகள் வரும், பிறகு பச்சை வெளுத்துச் சாம்பல் பூக்கும், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து ஓலையைத் தட்டுங்கள். விழுந்த துகள்கள் நகர்ந்தால் சிலந்திதான். கோடையில் முட்டை முழுச் சிலந்தியாகப் பத்து நாள்கூட ஆகாது.

பனை வகைகளையே தேடிவரும் இன்னொரு சிவப்புச் சிலந்தியும் உண்டு. அது நூல் பின்னாது. 1924இல் ஹிர்ஸ்ட் என்ற ஆய்வாளர் அதை முதன்முதலில் விவரித்தது கோயம்புத்தூர் தென்னையில் கிடைத்ததை வைத்துத்தான். 2004இல் கரீபியன் கடலின் மார்த்தினிக் தீவிலும், 2007இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் அது தென்பட்டது. அரிக்கா பாமையும் அது விடுவதில்லை.

பருத்தி விளைகிற ஊர் இது. காட்டுக்கு அடித்த மருந்தில் மிச்சம் பல வீடுகளில் இருக்கும். தயவுசெய்து அதை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். குழந்தைகள் மூச்சுவிடும் அறை அது. அதோடு, சைபர்மெத்ரின் போன்றவை சிலந்தியைத் தின்னும் உயிர்களைத்தான் முதலில் கொல்லும். சிலந்தி தப்பிப் பிழைத்து முன்னைவிட அதிகமாகப் பெருகும். இதற்கு நல்ல மருந்து தண்ணீர். தொட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய், ஓலையின் அடிப்புறத்தில் நன்றாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் செய்ய வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, முதலில் ஒரே ஓலையில் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் அடிக்கலாம். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் மட்டை இடுக்கில் ஒட்டியிருக்கும். எறும்பு ஏறினால் அங்கே பாருங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். பக்கத்தில் தென்னை இருந்தால் சுருள் வெள்ளை ஈயும் வரலாம். 2016இல் இந்தியாவில் முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட ஈ அது. அதற்கும் இதே கழுவல்தான்.

ஓலை நுனி கருகுவதை எல்லாரும் பூச்சி என்கிறார்கள். பெரும்பாலும் அது உப்பு. நம் போர் தண்ணீரின் உப்பு தொட்டி மண்ணில் தங்கி வெள்ளையாகப் பூக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தானே இருக்கிறது! ஐப்பசி மழையைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். இல்லையென்றால் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர். மாதம் ஒருமுறை அடித்துளை வழியே தாராளமாக ஓடும்படி ஊற்றினால் உப்பு கரைந்து வெளியேறும். தொட்டிக்குக் கரிசல் மண் மட்டும் வேண்டாம். நனைந்தால் இறுகி வேரை அழுக வைக்கும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். செம்மண், மணல், மட்கிய எரு, கொஞ்சம் தென்னை நார்க் கழிவு கலந்தால் வேருக்குக் காற்றும் கிடைக்கும். மேல்மண் ஒரு விரற்கடை காய்ந்தபின் அடுத்த தண்ணீர்.

கருகிய நுனியை மட்டும் கத்தரிக்கலாம். பாதி மஞ்சளான மட்டையை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அதிலுள்ள சாம்பல்சத்தைச் செடி புதுக் குருத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். முழுவதும் காய்ந்தபின் எடுத்தால் போதும்.