விளையாட்டுக் கணினியும் நாலாயிரம் வெள்ளியும்

கிள்ளானுக்கு வடக்கே மேருவிலும் காப்பாரிலும் வசிக்கும் நம் இளைஞர்களில், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் சேமித்ததும், கடையில் ஆயத்தமாக விற்கும் கணினியை விரும்பாமல், பாகம் பாகமாகத் தேர்ந்து தமக்கென்று ஒரு விளையாட்டுக் கணினியை அமைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் அநேகர். கிள்ளானில் கொமுட்டர் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கமுள்ள மோனோரயில் நிலையத்திலிருந்து இம்பிக்குச் சென்று, லோ யாட் பிளாசாவின் மாடிகளை அவர்கள் ஏறி இறங்குகிறார்கள். பாகங்களின் பெயரும் விலையும் நெருக்கமாக அச்சிட்ட தாளைக் கடைக்காரர் கையில் கொடுக்கிறார். அந்தத் தாளை எந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணம் பிரயோஜனப்படுவதும் விரயமாவதும் பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகிறது.

பலர் புராசஸரிலிருந்து தொடங்குகிறார்கள். இன்னும் சிலர், நிறம் மாறும் விளக்குகள் எரியும் கண்ணாடிப் பெட்டியில் மனத்தைப் பறிகொடுத்து அதிலிருந்து தொடங்குகிறார்கள். மானிட்டரிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் உறுதியான அபிப்பிராயம். கணினி செய்யும் அத்தனை வேலையும் கடைசியில் ஒளிப்புள்ளிகளாக வந்து சேரும் இடம் திரையே. எத்தனை புள்ளிகளை, விநாடிக்கு எத்தனை தடவை வரைய வேண்டும் என்பதை அதுதான் விதிக்கிறது.

கணக்கு எளிது. 1920-க்கு 1080 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 2560-க்கு 1440 ஆனால் அது 36,86,400 ஆகிறது. 4கே என்று விற்கப்படும் 3840-க்கு 2160 அளவுள்ள திரையிலோ 82,94,400 புள்ளிகள். அதாவது முதல் திரையைப்போலச் சரியாக நான்கு மடங்கு. விநாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் வரைய ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி அவகாசம் கிடைக்கிறது. 144 வேண்டுமென்றால் 7 மில்லிவிநாடிகூட இல்லை. இந்தப் புள்ளிகளுக்கு நிறமும் நிழலும் கொடுக்கும் வேலை கிராஃபிக்ஸ் கார்டினுடையது. பகைவன் எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பட்டது, எந்தப் பொருளை எங்கே வரைய வேண்டும் என்று கணித்துக் கார்டுக்குக் கட்டளையிடும் வேலை புராசஸருடையது.

இரண்டும் ஏககாலத்தில் இயங்குவதால், இரண்டில் மெதுவானது எதுவோ அதன் வேகமே திரையில் தெரிகிறது. புராசஸர் தன் பங்கை 8 மில்லிவிநாடியில் முடிக்கிறது, கார்டுக்கு 16 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்குச் சுமார் 62 ஃப்ரேம் கிடைக்கும். இப்போது அறுநூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்து, அதே வேலையை 4 மில்லிவிநாடியில் முடிக்கும் புராசஸரை வாங்கினாலும் கிடைப்பது அதே 62 தான். அந்த அறுநூறு வெள்ளியைக் கார்டுக்குக் கொடுத்திருந்தால் பலன் கண்முன் தெரிந்திருக்கும். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: டோட்டா 2, வாலரன்ட் முதலியவை கார்டுக்கு அதிகச் சுமை தராதவை, அவற்றை மட்டுமே ஆடுகிறவருக்கு விலையுயர்ந்த கார்டு அநாவசியம், அங்கே புராசஸரே பெரும்பாலும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே, தான் ஆடப்போகும் விளையாட்டுகளின் பெயர்களை எழுதிக்கொள்ளாமல் கடைக்குப் போகிறவர், நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பவரைப் போன்றவர்.

மேரு இளைஞர் ஒருவரிடம் நாலாயிரம் வெள்ளி இருக்கிறது, பலவகை விளையாட்டுகளையும் ஆட விரும்புகிறார் என்று கொண்டால், நான் பிரித்துத் தரும் பங்கு இது: 1080 அளவும் 144 ஹெர்ட்ஸ் வேகமும் உள்ள மானிட்டருக்கு அறுநூறு, கார்டுக்கு ஆயிரத்து நானூறு, புராசஸரும் மதர்போர்டும் சேர்ந்து எண்ணூற்று ஐம்பது, ராமும் எஸ்எஸ்டியும் அறுநூறு, பவர் சப்ளைக்கு முந்நூறு, பெட்டிக்கு இருநூற்று ஐம்பது. ராமை 16 ஜிபி ஒற்றைத் துண்டாக வாங்காமல் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குவது நலம். டிடிஆர்4-3200 வகையில் ஒரு தடத்தில் விநாடிக்கு 25.6 ஜிகாபைட் செல்லுமானால், இரண்டு தடங்களில் 51.2 செல்லும். எஸ்எஸ்டியில் அதிவேக ரகத்தைத் தேடி அலைய வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியும் பெரிய வித்தியாசம், ஒரு எஸ்எஸ்டிக்கும் அதைவிட வேகமான இன்னொன்றுக்கும் இடையே விளையாட்டில் தெரிவதில்லை.

சிக்கனம் என்ற பெயரில் பெரும்பாலோர் கைவைக்கும் பாகம் பவர் சப்ளை. அது திரையில் ஒரு ஃப்ரேமைக்கூடக் கூட்டித் தராது. பெட்டியின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். ஆகவே நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத சரக்கு போதும் என்று தோன்றிவிடுகிறது. அதனுள்ளே இருப்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக்கி, அதன் ஏற்ற இறக்கங்களைச் சமன்படுத்தும் பணியில், சிறு உருளைகளாகிய மின்தேக்கிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் ஈரமான மின்பகுபொருள் இருக்கிறது. உஷ்ணத்தில் அது நாளாக நாளாக உலர்ந்து போகிறது. வெப்பம் 10 பாகை குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது மின்னணுப் பொறியாளர்கள் கையாளும் பிரமாணம். மலிவான சரக்கில் 85 பாகைக்கு உரிய மின்தேக்கிகளையும், நல்ல சரக்கில் 105 பாகைக்கு உரியவற்றையும் காணலாம். அந்த இருபது பாகை வித்தியாசம் ஆயுளில் நாலு மடங்காகிறது. குளிர்நாட்டு அறையில் இந்த வேறுபாடு மெல்ல வெளிப்படும். ஏர்கண்டிஷன் இல்லாத மேரு வீட்டின் மாடியறையில், பிற்பகல் வெப்பம் 33 பாகையை எட்டும் வேளையில், அது சீக்கிரமே வெளிப்பட்டுவிடும். பழுதாகும் பவர் சப்ளை தான் மட்டும் போவதில்லை. சில சமயம் மதர்போர்டையும் கார்டையும் உடன் கொண்டுபோகிறது.

அதற்காக அளவுக்கு மீறிய வாட் உள்ளதை வாங்க வேண்டும் என்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டு 145 வாட், ரைசன் 5 5600 போன்ற புராசஸர் 65 வாட் என்று தயாரிப்பாளர்களே குறிக்கிறார்கள். மற்றவற்றுக்கு ஐம்பது அறுபது சேர்த்தாலும் முந்நூறை எட்டுவதில்லை. தரமான 550 வாட் தாராளமாகப் போதும். 575 வாட் இழுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090-ஐ நாடுகிறவர், விலையோடு மின்கட்டணத்தையும் எண்ண வேண்டும்: 5060-ஐவிட அது 430 வாட் அதிகம் உண்கிறது, தினம் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஆடினால் மாதத்தில் 51 யூனிட்டுக்கு மேல் கூடும். அத்தனையும் உஷ்ணமாக அறைக்குள்ளேயே இறங்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பிரதேசங்களுள் ஒன்று. திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் நல்ல எக்ஸ்டென்ஷனுக்கென்று ஐம்பது அறுபது வெள்ளியைப் பட்டியலில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். இடிமழை நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்கிவிடும் நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம் விஞ்ஞானத்துக்கு முற்றும் ஒத்தது.

விலைகள் ஏன் இப்படி ஏறி இறங்குகின்றன என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. இன்டெல் கம்பெனி அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் பினாங்கில்தான் தொடங்கியது. உலகச் சந்தைக்குப் போகும் எத்தனையோ சில்லுகள் இன்றும் நம் நாட்டில் பொதியப்பட்டும் சோதிக்கப்பட்டும் செல்கின்றன. ஆயினும் விலை டாலரில் நிர்ணயமாவதால், அருகில் இருக்கிறோம் என்பதால் நமக்குச் சலுகை இல்லை. 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 கார்டும், 2025-இல் வந்த 5060-உம் ஒரே 299 டாலருக்குத்தான் அறிவிக்கப்பட்டன. டாலருக்கு 3.80 என்று 1998 முதல் 2005 வரை கட்டிவைத்திருந்த மாற்றுவிகிதத்தில் அது 1,136 வெள்ளி. 2024 பிப்ரவரியில் ரிங்கிட் தொட்ட 4.80-ஐ ஒட்டிய விகிதத்தில் 1,435. இந்த முந்நூறு வெள்ளிக்குக் கடைக்காரர் பொறுப்பல்லர்.

உற்பத்தியிடத்தில் நேரும் விபரீதங்களும் உண்டு. 2011-இல் தாய்லாந்தை மூழ்கடித்த வெள்ளத்தால் ஹார்ட் டிஸ்க் விலை உலகெங்கும் ஏறியது. மின்னாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதால் 2021-இல் சாமானியருக்குக் கார்டு கிட்டாமல் போயிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் என்ற மின்னாணயம் கார்டுகளால் தோண்டும் முறையைக் கைவிட்டதும் அந்தத் தேவை பெரும்பாலும் ஓய்ந்தது. 2025-இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருவாரியாக வாங்குவதால் ராம் விலை கடுமையாக உயர்ந்தது. ஆகவே, நான் சொன்ன அறுநூறு வெள்ளிக்குள் ராமும் எஸ்எஸ்டியும் அடங்காவிட்டால், 1 டிபிக்குப் பதில் 500 ஜிபி எஸ்எஸ்டியை வாங்குங்கள், பெட்டியை எளிமையாக்குங்கள். பவர் சப்ளையைத் தொடாதீர்கள். எஸ்எஸ்டியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கிரெடிட் கார்டில் வாங்கிக் கடனை இழுத்துக்கொண்டு போவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி உண்டு. நாலாயிரத்துக்கு 720 வெள்ளி. ஓராண்டில் பழைமையடையும் பொருளுக்கு, ஒரு நல்ல மானிட்டரின் விலையை வட்டியாகக் கொடுப்பது தகாது.

பாகங்களைக் கடையிலேயே பொருத்தச் சொல்லி, இயக்கிப் பார்த்து, ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். தகராறு நேர்ந்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கே மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, கையில் ரசீது இருக்க வேண்டும்.