கணக்குக் கேட்டால் ஒற்றுமை குலையுமா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டங்களிலும், அவற்றின் குரலாகக் கருதப்படும் ஹிப்-ஹாப் பண்பாட்டிலும் ஒற்றுமையைப் பற்றிய பேச்சு எப்போதும் உரக்கவே ஒலித்துவந்திருக்கிறது. ஆனால் அந்த ஒற்றுமையின் பெயரால் திரண்ட பணத்துக்கும் புகழுக்கும் யார், யாரிடம் கணக்குச் சொல்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம், கேட்டவரே இயக்கத்தைப் பிளக்க வந்தவராகச் சித்திரிக்கப்பட்டிருக்கிறார். அதிகாரமோ பணமோ கையில் உள்ளவர், தாம் செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் உரியவர்களிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற நெறியே இன்று பொறுப்புக்கூறல் எனப்படுகிறது. அது ஒற்றுமைக்குப் பகையா, துணையா என்பதற்கு நியூயார்க்கில் மட்டுமல்ல, சென்னையின் இசைமேடையிலும் திருப்பூரின் பனியன் தொழிலிலும் சான்றுகள் கிடைக்கின்றன.

ஹிப்-ஹாப் என்பது தனியொரு பாட்டு வகையன்று. தாளத்துக்கேற்ப வேகமாகச் சொல்லடுக்கிப் பேசும் ராப், இசைத்தட்டுகளைத் திருப்பித் திருப்பி ஓட்டித் தாளம் உண்டாக்கும் டிஜே கலை, தரையில் சுழன்றாடும் பிரேக் நடனம், சுவரோவியம் ஆகிய நான்கும் சேர்ந்த நகர்ப்புற ஏழை இளைஞர்களின் பண்பாடு அது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் தம் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடத்திய ஒரு கொண்டாட்டத்தையே அதன் பிறப்பாகக் கொள்வது வழக்கம். அதே பகுதியில், தெருக்கும்பல் ஒன்றின் தலைவராக இருந்து மனம் மாறிய ஆஃப்ரிகா பம்பாட்டா என்னும் இசைக்கலைஞர் ஜூலு நேஷன் என்ற அமைப்பை உருவாக்கி, அடிதடிக் கும்பல்களில் கிடந்த இளைஞர்களை ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் இழுத்துவந்தார். அமைதியும் ஒற்றுமையும் அவ்வமைப்பின் முழக்கங்கள். 2016இல், சிறுவயதில் அவரால் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகச் சிலர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியபோது அவர் அதை மறுத்தார். அமைப்பு முதலில் தலைவரின் பக்கமே நின்றது. சில மாதங்களுக்குப் பின்னர்தான், பாதிக்கப்பட்டோரின் குரலுக்குத் தான் செவிகொடுக்கவில்லை என்று பொதுவில் மன்னிப்புக் கேட்டது. நாற்பதாண்டுக் காலப் பெருமையே அந்தச் செவிட்டுத்தன்மைக்குக் காரணமாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

பணத்தைப் பொறுத்தவரையிலும் இதே கதைதான். 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலர் ஒருவரின் முழங்காலடியில் உயிரிழந்த பின், கறுப்பினத்தவர் உயிரும் உயிரே என்ற முழக்கத்தைத் தாங்கிய மைய அமைப்புக்கு அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 9 கோடி டாலர் நன்கொடை குவிந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் அவ்வமைப்பின் 10 உள்ளூர்க் கிளைகள் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டு, தலைமை எவ்வாறு முடிவெடுக்கிறது, பணம் எங்கே போகிறது, தெருவில் நிற்கும் கிளைகளுக்கு ஏன் அது வந்துசேரவில்லை என்று கேட்டன. வீட்டுக் குறையை ஊரறியச் சொல்லலாமா என்ற முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனால் உள்ளே கேட்டுப் பதில் கிடைக்காதபோதுதான் ஊரறியக் கேட்டோம் என்பதே அக்கிளைகளின் நிலைப்பாடு.

இந்த இழுபறியை மிகத் தெளிவாக எழுதிவைத்தவர்கள் கறுப்பினப் பெண்களே. பாஸ்டன் நகரில் இயங்கிய கொம்பாஹி ரிவர் கலெக்டிவ் என்னும் பெண்கள் குழு 1977இல் வெளியிட்ட அறிக்கை, இனவெறியை எதிர்க்கும்போது கறுப்பின ஆண்களோடு தோள் சேர்வதையும், ஆணாதிக்கத்தை எதிர்க்கும்போது அதே ஆண்களை எதிர்த்து நிற்பதையும் ஒரே அரசியலின் இரண்டு பக்கங்களாகவே கண்டது. இனத்தின் மானம் என்ற பெயரில் பெண்ணை வாய்மூடச் சொல்லும் ஒற்றுமை ஆண்களுக்கு மட்டுமான ஒற்றுமை என்பது அதன் உட்பொருள்.

ஹிப்-ஹாப் கோடிகளில் புரளும் தொழிலான பின், இக்கேள்வி தையல் இயந்திரத்தின் முன்னும் வந்து நின்றது. தொளதொளவென்ற டி-ஷர்ட்டும், தலையை மூடும் ஹூடியும் அப்பண்பாட்டின் அடையாள உடைகள். பெரிய பாடகர்கள் சிலர் உடை வணிகத்திலும் பெரும்பணம் ஈட்டினார்கள். ராப் கலைஞர் ஷான் கோம்ப்ஸ் தொடங்கிய ஷான் ஜான் என்னும் உடை நிறுவனத்துக்காகத் தைத்த ஹோண்டுராஸ் நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில், கட்டாய மிகைநேர வேலையும் பெண்களுக்குக் கட்டாயக் கர்ப்பப் பரிசோதனையும் நடப்பதாகவும், அமெரிக்கக் கடையில் 40 டாலருக்கு விற்கும் சட்டைக்குத் தொழிலாளியின் கைக்கு 15 சென்ட் மட்டுமே போவதாகவும் 2003 அக்டோபரில் நியூயார்க்கின் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்று குற்றம் சாட்டியது. ஹார்லெம் வீதியில் பிறந்து முன்னுக்கு வந்த கறுப்பினத் தொழிலதிபர் என்பது கோம்ப்ஸின் விளம்பரத்தில் பாதி. ஆயினும், தம் பெயர் பொறித்த சட்டையைத் தைக்கும் ஏழைப் பெண்ணுக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்ற கேள்வி வெளியிலிருந்து ஒருவர் கேட்கும்வரை எழவேயில்லை. திருப்பூரில் ஏற்றுமதிச் சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைப்பவருக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

இந்தியாவில் கறுப்பின அரசியலோடு நெடுங்காலம் உறவாடிவந்தது தலித் அரசியல். 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்; 1972இல் மும்பையின் மராத்திக் கவிஞர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தர் கட்சியின் பெயரைத் தழுவித் தலித் பாந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கினர்; சில ஆண்டுகளிலேயே அது பிளவுபட்டது. தமிழ்நாட்டில் இவ்வுறவு இசைவடிவம் பெற்றது, இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் இணைந்து உருவாக்கிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் வழியாக. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரெடுத்த அக்குழு, வடசென்னையின் கானாவையும் பறையையும் ராப் இசையையும் ஒரே மேடையில் சேர்த்து, 2018 ஜனவரியில் சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. ஆண்களே கோலோச்சிய கானாவில் பெண்குரலாக ஒலித்த இசைவாணியும், அரக்கோணத்திலிருந்து வந்த ராப் பாடகர் அறிவும் அதன் வழியே பரவலாக அறியப்பட்டார்கள்.

தமிழில் பொறுப்புக்கூறலைப் பற்றிய மிகப் பெரிய விவாதம் அறிவை மையமாகக் கொண்டே எழுந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்தும், நிலமற்ற உழைப்பாளிகளின் நினைவிலிருந்தும் அவர் எழுதிய ‘என்ஜாய் எஞ்சாமி’, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் இசைத் தயாரிப்பில், பாடகி தீயும் அறிவும் பாட, 2021 மார்ச் மாதம் வெளியாகி உலகெங்கும் பரவியது. அதை வெளியிட்டது கனடாத் தமிழர்கள் தொடங்கி ஏ.ஆர். ரகுமான் துணைநின்ற மாஜா நிறுவனம். அதே ஆண்டு ஆகஸ்டில், அப்பாடலையும் இன்னொரு பாடலையும் முன்னிட்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் வெளியிட்ட அட்டையில் தீயும் கனடாவாழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், எழுதியவர் இல்லை. தலித் கலைஞர் கண்ணெதிரே மறைக்கப்படுகிறார் என்று இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்த பின், அறிவைக் கொண்ட இணைய அட்டை ஒன்று வெளிவந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் அவர் மேடையில் இல்லை. பாட்டை எழுதியதோடு மெட்டமைத்ததும் தாமே என்று அறிவு எழுதினார். இசையமைத்துத் தயாரித்தது தாம் என்றும், வருவாயும் உரிமையும் மூவருக்கும் சமபங்கு என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் கொடுத்தார்.

மேடையில் யார் நின்றார் என்ற சண்டையில் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தபோது, பங்கு பிரிப்பதற்கான பணம் வந்ததா என்று கேட்டவர் குறைவு. 2024 மார்ச்சில், மூன்று ஆண்டுகளாகியும் தங்களுக்கு ஒரு பைசா வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். மாஜா நிறுவனமும் தன் தரப்பு விளக்கத்தை வெளியிட்டது. தமிழ்ச் சுயாதீனக் கலைஞர்களை ஒன்றுசேர்ப்பதாகச் சொல்லி எழுந்த மேடையில், இசைப்பதிவு, எழுத்து, மெட்டு, வெளியீடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் யாருக்கு எத்தனை விழுக்காடு, வரவு செலவை யார் பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்படி முதல் நாளே பேசி எழுதப்பட்டிருந்தால், அறிவும் சந்தோஷும் ஒருவருக்கொருவர் எதிரே நிற்க நேர்ந்திருக்காது என்று கருத இடமுண்டு. அண்ணன் தம்பியாகப் பழகிவிட்டுப் பத்திரம் எழுதுவதா என்ற கூச்சம் கலையுலகில் அதிகம். நட்டப்படுவது பெரும்பாலும் இளையவரே.

இந்தக் கூச்சத்தைத் திருப்பூர்த் தொழிலாளர் இயக்கம் வெகுகாலத்துக்கு முன்பே உதறிவிட்டது. 1984இல் பஞ்சப்படிக்காக, அதாவது விலைவாசி உயர்வுக்கு ஈடாகக் கூலியோடு சேர்த்துத் தரப்படும் தொகைக்காக, பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று முதலாளிகளிடமும் ஓர் ஒற்றுமை இருந்தது. விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்து, தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான கவுண்டர்களின் சாதிச் சகோதரத்துவமே திருப்பூர் மூலதனத்தின் முதுகெலும்பு என்பதை புவியியல் ஆய்வாளர் ஷரத் சாரி இவ்வூரைப் பற்றிய தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். சொந்த உழைப்பால் உயர்ந்தோம் என்ற அந்தப் பெருமையில் பொய்யில்லை. ஆனால் அதே உழைப்பைக் கொடுத்த தலித் தொழிலாளிக்கு அந்த ஏணியில் கால் வைக்க எளிதில் இடம் கிடைக்கவில்லை. சகோதரத்துவம் யாரோடு முடிகிறது என்பதைச் சொல்லாத ஒற்றுமை, கறுப்பினத் தொழிலதிபரிடமானாலும் கொங்கு முதலாளியிடமானாலும், ஒரே வேலையைத்தான் செய்கிறது.

ஏஐடியுசி, சிஐடியு, தொமுச, ஐஎன்டியுசி, அண்ணா தொழிற்சங்கம் என்று தேர்தல் மேடையில் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்ளும் கட்சிகளின் சங்கங்கள், சம்பளப் பேச்சுவார்த்தை என்று வந்தால் ஒரே பக்கத்தில் உட்காருவது திருப்பூரின் தனி மரபு. அவர்களைச் சேர்த்துவைப்பது கொள்கையன்று, கணக்கு. கட்டிங், டெய்லர், அயர்னிங், பேக்கிங்குக்கு ஒரு விகிதம், செக்கிங்குக்கு வேறு விகிதம், லேபிள், கைமடிக்கு இன்னொன்று, பஞ்சப்படி தனி என்று வேலைவாரியாக எண்கள் எழுதப்பட்டுக் கையெழுத்தாகின்றன. எந்தச் சங்கம் விலைபோனாலும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். எழுதியது அப்படியே கைக்கு வருகிறதா என்பது வேறு வழக்கு. வேலை, மோட்டார் தையல் மேசைகளை வைத்து நடத்தும் பவர் டேபிள் கூடங்களுக்கும், கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க்குக்கும் கைமாறக் கைமாற, ஒப்பந்தத்தின் எண் காண்ட்ராக்டரின் கையில் கரைந்துபோகிறது.

சம்பளத்தைவிடப் பேசக் கடினமான பொறுப்பு ஒன்றும் உண்டு. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்துக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்த நாச்சி அப்பேரல் தொழிற்சாலையில் வேலை பார்த்த 20 வயதுத் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அந்த ஆலையில் பாலியல் தொல்லை நெடுநாளாக நடந்துவந்ததாகச் சக தொழிலாளிகள் பேசத் தொடங்கினார்கள். வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் ஆடிட்டர்கள் இத்தகைய ஆலைகளுக்கு வந்துபோகாமல் இல்லை. வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்தும், மேற்பார்வையாளரின் கண்பார்வையிலேயே பேசவைத்தும் நடத்தும் ஆடிட்டில் ஒரு பெண் எதைச் சொல்வார்?

தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளோடு சேர்ந்து நிறுவனத்தோடு மோதி, 2022 ஏப்ரலில் ஆலைகளில் பாலியல் தொல்லையைத் தடுப்பதற்கான திண்டுக்கல் உடன்படிக்கையை ஏற்படுத்தியது. எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும் தனித்தனியே கையெழுத்திட்டு அதற்குக் கட்டுப்பட்டன. நன்னடத்தை விதி என்று சுவரில் தொங்கும் அறிவிப்புகளிலிருந்து இதை வேறுபடுத்துவது, ஆலை சொன்னபடி நடக்கவில்லையென்றால் வாங்குபவர் ஆர்டரில் கைவைத்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயமே. ஏறத்தாழ 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம், லைனில் வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். மேற்பார்வையாளர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாலும், கழிப்பறைக்குப் போக விடாவிட்டாலும், தோளைத் தொட்டுப் பேசினாலும் முறையிட வேண்டிய ஆள் பக்கத்து மிஷினிலேயே உட்கார்ந்திருந்தார். முதலாண்டில் எழுந்த 185 முறையீடுகளில் 182 தீர்க்கப்பட்டதாக அதன் ஆண்டறிக்கை கூறியது. இடையில் 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் சரக்குக்குத் தடை போட்டபோது, தடையை நீக்கக் கோரியவர்களில் அந்தச் சங்கமும் இருந்தது. செப்டம்பரிலேயே தடை தளர்ந்தது. ஆலையை எதிர்த்தே கணக்குக் கேட்ட பெண்கள், ஆலை மூடிப்போவதை விரும்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

உடன்படிக்கையின் வரம்பு அந்தக் குழுமத்தின் சில ஆலைகளோடு நின்றது. திருப்பூர்ச் சந்துகளில் ஷட்டர் பாதி இறக்கிய அறையில், ஆறேழு பவர் டேபிள்களில் ஹூடிக்குக் கை வைத்துத் தைப்பவர்கள் அதற்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், எந்தச் சங்கத்தின் ரசீதும் அவர்கள் கையில் இல்லை. கையெழுத்திட்ட மூன்று வாங்குநர்களும் பெரிய பன்னாட்டு ஆடை நிறுவனங்களே. பாடகர்களின் பெயரைப் போட்டு, கறுப்பினப் பெருமையையோ சாதியொழிப்பையோ நெஞ்சில் அச்சிட்டு டி-ஷர்ட் விற்கும் நிறுவனம் எதுவும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.