லேசர் சிகிச்சை: யாருக்கு, எதற்கு, எப்போது?

பேருந்து நிலையச் சுவர், ஆட்டோவின் பின்பக்கம், கைப்பேசித் திரை என எங்கு பார்த்தாலும் லேசர் விளம்பரம். மூலமா? லேசர். காலில் நரம்பு சுருண்டிருக்கிறதா? லேசர். கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா? அதற்கும் லேசர். வலி இல்லை, தழும்பு இல்லை, காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பெருநகரங்களில் நாய், பூனைகளுக்கான மருத்துவமனைகளிலும் இப்போது லேசர் கருவிகள் வந்துவிட்டன.

சில நோய்களுக்கு லேசர்தான் முதல் தேர்வு. சிலவற்றுக்கு அது நான்கைந்து வழிகளில் ஒன்று. இன்னும் சிலவற்றில் லேசர் பயன்படுவதே இல்லை. பேச்சில்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே மருத்துவரிடம் போனதும் “லேசர் வசதி இருக்கிறதா?” என்று கேட்பதற்கு முன், “நோய் என்ன, எந்த நிலையில் இருக்கிறது, என்னென்ன வழிகள் உண்டு?” என்று கேட்க வேண்டும். வீட்டு நாய்க்கும் இதே கேள்விகள்தான்.

ஒளி எப்படி வெட்டுகிறது?

அமெரிக்க இயற்பியலாளர் தியோடர் மைமன் 1960 மே 16 அன்று முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அதன்பின் வந்த லேசர்கள் பல வகை. ஒவ்வொன்றின் அலைநீளமும் வேறு. அந்த அலைநீளத்தை உடலில் எந்தப் பொருள் உறிஞ்சுகிறதோ அங்குதான் அது வேலை செய்யும்.

மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல் 1964-இல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்ஸைடு லேசரை உருவாக்கினார். இதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். இந்த ஒளியைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். திசுவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், ஒளி பட்ட இடம் நொடியில் ஆவியாகிவிடுகிறது. சிறு ரத்தக்குழாய்கள் அந்தச் சூட்டிலேயே அடைபடுகின்றன. ரத்தக்கசிவு குறைவதற்குக் காரணம் இதுதான்.

கண் பவர் லேசரின் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. இங்கு பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன், 1981 நவம்பரில் நியூயார்க் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரைத் திசுவின் மீது சோதித்துப் பார்த்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்டது, விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சி. சுற்றியுள்ள பகுதி கருகாமல், ஒளி பட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருந்தது. கண்ணாடியைக் கழற்ற உதவும் இன்றைய லாசிக் சிகிச்சைக்கு அடிப்படை அந்தக் கண்டுபிடிப்பு.

ஒரு லேசர் தோலுக்கு ஏற்றது, இன்னொன்று கல்லை உடைக்க ஏற்றது, வேறொன்று விழித்திரைக்கு ஏற்றது. “எங்களிடம் லேசர் இருக்கிறது” என்று ஒரு மருத்துவமனை சொன்னால், எந்த லேசர், எந்த நோய்க்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கண்: எது லேசர், எது இல்லை?

கண்புரை ஆபரேஷனை நம் ஊரில் பலரும் “லேசர் ஆபரேஷன்” என்றே சொல்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் நடப்பது பேக்கோ. 1967-இல் சார்லஸ் கெல்மன் தொடங்கிவைத்த இந்த முறையில், மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் பொருத்துகிறார்கள். பெம்டோ லேசர் என்ற ஒன்று உண்டு. அது கீறல் போடவும் புரையைத் துண்டாக்கவும் உதவுகிறது, செலவு அதிகம். கிடைக்கும் பார்வை சாதாரண பேக்கோவைவிடத் தெளிவாக மேம்படுகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. மிக முற்றிய புரைக்கு, சிறு கீறல் வழியாகக் கையாலேயே புரையை எடுக்கும் முறை இன்றும் நல்ல பலன் தருகிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை லட்சக்கணக்கானவர்களுக்குக் குறைந்த செலவில் பார்வை தந்ததில் இந்த எளிய முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

புரை எடுத்துச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால், லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு தடித்திருக்கலாம். அதைத் திறக்க யாக் லேசர் போதும். தையலும் கட்டும் கிடையாது. சில நிமிட வேலை.

சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைக்குச் செய்யும் லேசர் வேறு ரகம். அது போன பார்வையை மீட்பதற்கு அல்ல, இருக்கும் பார்வையைக் காப்பதற்கு. “லேசர் வைத்தும் கண் தெளியவில்லையே” என்று மனம் விட்டு, மறு பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு, அது ஆபத்து. விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தே பெரும்பாலும் முதல் சிகிச்சை.

லாசிக்கைப் பொறுத்தவரை 18 வயது நிறைந்திருக்க வேண்டும், கண் பவர் குறைந்தது ஓராண்டு மாறாமல் இருக்க வேண்டும், கருவிழியின் தடிமன் போதுமானதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் முதலிய வேறு வழிகள் உண்டு. லாசிக் செய்தவர்களுக்கும் 40 வயதைத் தாண்டினால் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம்.

மூலம், பவுத்திரம், வெரிகோஸ்

மூலத்துக்கு நான்கு நிலைகள். முதல் இரண்டு நிலைகளில் நார்ச்சத்துள்ள உணவு, போதிய தண்ணீர், வெந்நீரில் உட்காருவது, முக்காமல் மலம் கழிப்பது ஆகியவற்றிலேயே பலருக்குக் குணம் தெரியும். அடங்காவிட்டால் ரப்பர் வளையம் போடலாம். புறநோயாளியாக வந்து போட்டுக்கொண்டு போய்விடலாம். லேசரில் மெல்லிய கண்ணாடி இழையை மூலத்துக்குள் செலுத்திச் சுருங்க வைக்கிறார்கள். வெட்டி எடுக்கும் அறுவையைவிட வலி குறைவு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் மூலம் மீண்டும் வரும் வாய்ப்பு லேசரில் கூடுதல். வெளியே தள்ளி உள்ளே போகாத நான்காம் நிலைக்கு வெட்டி எடுப்பதே பெரும்பாலும் பொருத்தம். மலச்சிக்கல் தீராவிட்டால் எந்த முறையும் நிலைக்காது.

மலத்தோடு ரத்தம் போனாலே மூலம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயும் அப்படித் தொடங்கலாம். குறிப்பாக 45 வயதுக்கு மேல், எடை குறைவு, மலப்பழக்கத்தில் மாற்றம் இருந்தால் பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் பார்த்தபிறகே சிகிச்சை.

பவுத்திரத்துக்கு லேசர் உண்டு, அறுவை உண்டு, சித்த மருத்துவத்தின் காரநூலும் உண்டு. இதே முறை ஆயுர்வேதத்தில் க்ஷாரசூத்திரம் எனப்படும். இதை அறுவையோடு ஒப்பிட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தியது. நூல் முறையில் புண் ஆற அதிக நாள் பிடித்தது. நோய் திரும்பியது குறைவாக இருந்தது. தேர்ந்த கையிடம் போக வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது.

காலில் நரம்பு சுருண்டுகொள்ளும் வெரிகோஸில் லேசருக்கு உறுதியான இடம் இருக்கிறது. பழுதான ரத்தக்குழாயை உருவி எடுக்காமல், உள்ளிருந்தே சூடாக்கி மூடும் முறையைத்தான் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முதல் தேர்வாக வைத்தது. லேசரும் ரேடியோ அலையும் இந்த வகை. அடுத்தது நுரை ஊசி, அதற்கும் அடுத்தது அறுவை. டாப்ளர் ஸ்கேன் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது.

கல்லும் தோலும்

5 மில்லிமீட்டருக்குக் குறைவான சிறுநீரகக் கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். அதைவிடப் பெரிதானால், வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைப்பது ஒரு வழி. 1980-இல் மியூனிக்கில் தொடங்கிய இதில் லேசர் கிடையாது. சிறுநீர்ப் பாதை வழியே நுண்குழாயை அனுப்பி ஹோல்மியம் லேசரால் பொடியாக்குவது இன்னொரு வழி. 2 சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லுக்கு முதுகில் சிறு துளையிட்டு எடுப்பதே வழக்கம். லேசருக்குப் பின் உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற குழாய் வைத்திருந்தால், எடுக்க வேண்டிய தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மறந்துபோய் உள்ளேயே விட்டால் அந்தக் குழாய் மீதே கல் படியும்.

தோலில் லேசர் செய்பவர் தோல் மருத்துவர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நம் மாநிறத் தோலில் நிறமி அதிகம். பொருந்தாத அலைநீளமோ அளவோ வைத்தால் கொப்புளமும் கருந்திட்டும் மிஞ்சும். முடி நீக்க நம் தோலுக்கு 1,064 நானோமீட்டர் யாக் லேசர் பாதுகாப்பானது. சாதாரண மருவுக்கு மைனஸ் 196 டிகிரியில் உள்ள திரவ நைட்ரஜனால் உறைய வைப்பதோ மின்சூட்டில் எடுப்பதோ போதும்.

நாய், பூனைக்கு லேசர் உதவும் இடங்கள்

கண் இமையோரக் கட்டி, வாய்க்குள் வளரும் சதை, காதுக்குழாய்க் கட்டி போன்ற, ரத்தம் அதிகம் கசியும் குறுகிய இடங்களில் கார்பன் டை ஆக்ஸைடு லேசர் கைகொடுக்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மென் அண்ணம் நீண்டு மூச்சை அடைக்கும். அதைக் குறைக்கவும் லேசர் பயன்படுகிறது. கத்தரிக்கோலால் செய்தாலும் நல்ல பலன் வருகிறது. கருவியைவிட மருத்துவரின் பழக்கமும் மயக்கம் தெளியும்வரை கண்காணிப்பதும் முக்கியம்.

வெட்டாத லேசரும் உண்டு. 1967-இல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர், சவரம் செய்த எலிகள் மீது குறைந்த சக்தி லேசரைக் காட்டியபோது முடி வேகமாக வளர்ந்ததைக் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மூட்டு வலிக்கும் புண்ணுக்கும் தரப்படும் லேசர் தெரபி. பலன் குறித்த ஆய்வுகள் ஒரே மாதிரி பேசவில்லை. புற்றுக்கட்டி இருக்கும் இடத்தில் இதைக் காட்டக் கூடாது. வயதான லாப்ரடார் நொண்டினால் முதலில் எடையைக் குறைப்பது, வழுக்கும் தரையில் விரிப்பு போடுவது, கால்நடை மருத்துவர் தரும் வலிமருந்து. லேசர் அவற்றோடு சேர்ந்த துணை மட்டுமே.

கத்தியும் வேண்டாம், லேசரும் வேண்டாம்

நாட்டு நாயின் பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வடியும். பெண் நாயென்றால் பருவம் வந்திருக்கிறது என்றும், ஆண் நாயென்றால் எங்கோ கடிபட்டிருக்கிறது என்றும் விட்டுவிடுவார்கள். விலக்கிப் பார்த்தால் காலிஃபிளவர் போலச் சிவந்த சதை வளர்ந்திருக்கும். இது இனச்சேர்க்கையிலும் நக்குவதிலும் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் புற்றுநோய். வெட்டி எடுத்தால் பல நேரம் மறுபடி வளரும். வின்கிரிஸ்டின் ஊசியை வாரம் ஒருமுறை நரம்பில் போட்டால், நான்கு முதல் ஆறு வாரங்களில் பெரும்பாலான நாய்கள் முழுக்கக் குணமாகின்றன. மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும். ரத்த அணுக்களும் குறையலாம். எனவே மருத்துவர் கையால், ரத்தப் பரிசோதனையோடுதான் போட வேண்டும்.

நாயின் சிறுநீர்ப்பைக் கற்களில் ஸ்ட்ரூவைட் வகை, மருத்துவ உணவிலும் ஆன்டிபயாடிக்கிலும் கரைந்துவிடும். கால்சியம் ஆக்சலேட் கரையாது. எடுத்தே ஆக வேண்டும். ஏழெட்டு வயதைத் தாண்டிய நாயின் கண் நீலம் பாய்ந்து தெரிந்தால் எல்லாம் புரை அல்ல. பெரும்பாலும் லென்ஸ் வயதில் இறுகுவது. பார்வை போகாது, ஆபரேஷன் தேவையில்லை. சர்க்கரை நோயால் வரும் உண்மையான புரைக்கு நாய்க்கும் பேக்கோதான்.

மயக்க மருந்தும் வீட்டுப் பராமரிப்பும்

“லேசர்தானே, மயக்க மருந்து எதற்கு?” என்று கேட்பவர்கள் அதிகம். மனிதர்களுக்குச் சில சிகிச்சைகளை மரத்துப்போகும் மருந்திலேயே முடிக்கலாம். நாயும் பூனையும் அசையாமல் படுத்திருக்காது; ஆகவே லேசர் அறுவைக்கும் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. முன்னதாக ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சொன்ன நேரம்வரை வெறும் வயிறு, பின்னர் புண்ணை நக்காதபடி கழுத்தில் கூம்புப் பட்டை ஆகியவற்றில் சமரசம் கூடாது.

நம் வீட்டு வலி மாத்திரையை அவற்றுக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே எடுக்கும். ஐபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

நமக்கானாலும் வளர்ப்புப் பிராணிக்கானாலும் இவற்றைக் கேளுங்கள்:

- நோயை எந்தப் பரிசோதனை உறுதி செய்தது?
- எதுவும் செய்யாமல் சில வாரம் பார்த்தால் என்ன ஆகும்?
- மருந்து, வழக்கமான அறுவை, லேசர் மூன்றிலும் நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு?
- இந்தச் சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
- எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்புவீர்களா? லேசரில் முழுக்க ஆவியாக்கிவிட்டால் சோதிக்கச் சதையே மிஞ்சாது.
- மொத்தச் செலவு என்ன, காப்பீட்டில் வருமா?

யோசிக்க அவகாசம் இல்லாத நிலைகளும் உண்டு. திடீரென்று பார்வை மறைவது, சிறுநீரகக் கல்லோடு குளிர் காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவமனை. ஆண் பூனை மண் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அப்போது லேசர் இருக்கும் மருத்துவமனையைத் தேட வேண்டாம். பக்கத்தில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.