எம்.கே. கௌசிக் (1955–2021)

1998 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டு ஹாக்கி இறுதியாட்டம். தென்கொரியாவுடன் 1-1 சமன். டைபிரேக்கரில் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் பந்துகளைத் தடுத்து நிற்க, 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குத் தங்கம். கேப்டன், புனே கிர்க்கியில் வளர்ந்த தமிழர் தன்ராஜ் பிள்ளை. பயிற்சியாளர், கௌசிக். வென்று வந்தவருக்குக் கிடைத்ததோ பதவி நீக்கம்! ரசிகர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சென்னை வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியிலும் கௌசிக் ஆடினார். ‘சக் தே இந்தியா’ திரைப்படக் கதாசிரியர் ஜெய்தீப் சாஹ்னிக்குப் பெண்கள் ஹாக்கியின் நடைமுறைகளைச் சொல்லிக்கொடுத்தவர்.

2021 மே 8இல் கொரோனாவால் டெல்லியில் காலமானார். மாஸ்கோ அணித் தோழர் ரவீந்தர் பால் சிங்கும் அதே நாளில் லக்னோவில் இறந்தார். ஊரடங்கு வேளை, ரசிகர்கள் திரண்டுவந்து அஞ்சலி செலுத்த வழியில்லை.